மகளுக்காக நான் எழுதிய மனு

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த என் மகள், வெள்ளானூரிலிருந்து தினமும் ஒரு ரயிலும் இரண்டு பஸ்ஸும் மாறிப் போகிறாள். போக வர நான்கே முக்கால் மணி நேரம் என்று குறித்து வைத்திருந்தேன். மனம் கேட்காமல், அவளைப் பக்கத்திலுள்ள ஆவடிக்கு மாற்றும்படி டெல்லியில் உள்ள பணியாளர் அமைச்சகத்துக்கு நான்கு பக்க மனு அனுப்பினேன். அவளிடம் சொல்லவில்லை.

நாற்பத்தோராம் நாள் கையில் மெமோவுடன் வந்தாள்.

"இன்னா நைனா பண்ணி வச்சிக்கீறே? மாற்றலுக்கு ஊட்டு ஆளை விட்டு எழுத வச்சியான்னு கேக்குறாங்க. நடத்தை விதிக்கே விரோதமாம்!"

"பெத்தவன் எழுதக் கூடாதா?"

"கூடாது! எனக்கு இன்னும் புரொபேஷனே முடியல. வேலை போச்சுன்னா இன்னா பண்றது?"

பதில் தரப் பத்து நாள் கெடு. தனக்குத் தெரியாமல் அப்பா எழுதியது என்று அவள் விளக்கம் கொடுத்தாள். அது உண்மை என்று நானும் எழுதிக் கையெழுத்திட்டேன். அதன்பின் பத்தொன்பது நாள், சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போது முகத்தைப் பார்க்கவே பயந்தேன். இருபதாம் நாள், "எச்சரிக்கையோட உட்டுட்டாங்க நைனா" என்றாள். அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இப்போது அவள் வேலையைப் பற்றி யாருக்கும் ஒரு வரிகூட நான் எழுதுவதில்லை. மாற்றல் வேண்டுமானால் அவளே தன் அதிகாரி வழியாகக் கேட்கட்டும். காலையில் அண்ணனூர் ஸ்டேஷன் வரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன். அதில் அவளுக்குப் பதினெட்டு நிமிஷம் மிச்சம்.