செவ்வாழைக்கு நான் கொடுத்த சான்று

தக்கலையில் பேருந்துக்காக நின்றிருந்தபோது ரெஜினா அக்காவின் தம்பி அழைத்தார். "அக்கா நம்மள விட்டுப் போயாச்சு," என்றார். வந்த பேருந்தை விட்டுவிட்டேன்.

விவசாய ரோபோக்களையும் செயலிகளையும் சோதித்துச் சான்று தரும் எங்கள் சின்ன நிலையத்தில் அக்கா களச்சோதனை பார்த்தார். நான் அறிக்கை எழுதினேன். அவற்றைச் செய்யும் நிறுவனத்தார் கார் அனுப்பினால் அக்கா ஏறமாட்டார். பேருந்தில் போய் ஏதாவது ஒரு நிறுத்தத்தில் இறங்கி, முதலில் கண்ணில் படும் தோட்டக்காரரிடம் அனுமதி கேட்பார். "அவங்க காட்டுற தோட்டத்துல எல்லாமே பாஸ் ஆவும் மக்கா. காட்டாத தோட்டத்துலல்லா சங்கதி இருக்கு," என்பார். களையெடுக்கும் ரோபோ ஒன்று வாழைக்கு நடுவே விதைத்திருந்த கீரையை ஒன்றுவிடாமல் பிடுங்கிப் போட்டது அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில்தான்.

அவர் சிகிச்சைக்காக விடுப்பில் இருந்த நாட்களில், வாழைநோயைப் படம் பார்த்துச் சொல்லும் செயலி ஒன்று வந்தது. நான் பிறவி அவசரக்குடுக்கை. நிறுவனம் காட்டிய ஏத்தன் என்னும் நேந்திர வாழைத் தோட்டங்களில் மட்டும் பார்த்துவிட்டுச் சான்று எழுதிவிட்டேன். வளைகுடாவிலிருந்து திரும்பி முதன்முறையாகச் செவ்வாழை வைத்திருந்த ஒருவர் அந்தச் செயலியை நம்பினார். செவ்வாழையின் தண்டு இயல்பாகவே சிவந்திருக்கும். அது நோய், வெட்டிவிடு என்றது செயலி. தோட்டத்தில் பாதியை வெட்டிவிட்டார்.

விஷயம் தெரிந்ததும், உடம்பு தேறாத அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அந்தத் தோட்டக்காரர் வீட்டுக்குப் போனார்.

"ஒங்க சீல் இருந்துதுல்லா? அத நம்பித்தானே வெட்டுனேன்," என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "நாங்க சரியா பாக்கல அண்ணே. தப்பு எங்க மேலதான்."

திரும்பும் வழியில் அழுதேன். "அழுதது போதும். நாளைக்கு செவ்வாழைத் தோட்டமா பாத்து இறங்குவோம்," என்றார். அதன்பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

அவர் சொன்ன அந்த "நாங்க"வைத்தான் நான் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொண்டும் இருந்தேன். களச்சோதனை என்றால் ரெஜினாதானே என்று, அந்தப் பிழையை அவர் பேரில் எழுதிவைத்திருப்பவர்கள் இன்று அவருக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும் உங்களிலேயே இருக்கிறார்கள். அவர் இருந்தவரை நான் அதைத் திருத்தவில்லை. அந்தச் சான்றில் இருப்பது என் கையெழுத்து மட்டும்தான்.