நம்பர் போர்டுக்குப் பின்னால்

மழையில் நனைந்த தார்ப்பாய்க்கென்று ஒரு வாசனை உண்டு. ஈரச் சாக்கும் பழைய எண்ணெயும் கலந்த அந்த வாசனையை, கட்டபெட்டுப் பக்கம் எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பின்புறக் கொட்டகைக்குள் நுழையும்போதெல்லாம் என் மூக்குதான் முதலில் கண்டுகொள்ளும். அதற்குப் பிறகே தார்ப்பாய்க்கு அடியில் நிற்கும் சின்ன நீலக் கார் கண்ணுக்குத் தெரியும். அது எங்கள் கார் அல்ல, டாக்டரம்மாவுடையது. இன்னும் சரியாகச் சொன்னால் டாக்டரம்மாவின் வீட்டுக்காரருடையது. கோத்தகிரியில் ஹைஸ்கூல் வாத்தியாராக இருந்த அவரை எஸ்டேட்டே ‘சார்’ என்றுதான் கூப்பிட்டது. ஒரு மழைக்காலத்தில் சார் நெஞ்சுவலியில் திடீரென்று போய்விட்டார். காரியங்கள் முடிந்ததும் டாக்டரம்மா வேலையை விட்டுவிட்டு மைசூரில் இருந்த மகனிடம் கிளம்பினார். கிளம்பும்போது கார் சாவியை என் அம்மாவின் கையில் வைத்து, “வச்சிருங்க ராசாத்தி. இப்ப என்னால அதப் பாக்கக்கூட முடியல” என்றார்.

அம்மா அந்த ஆஸ்பத்திரியில் ஆயா. அப்பா டீ பேக்டரியில் பிட்டர். சிலோனில் பிறந்து, சின்ன வயதில் கப்பலேறி வந்தவர், அதனால் எங்கள் வரிசை வீட்டைக் கடைசிவரை ‘லயம்’ என்றே சொல்லுவார். டாக்டரம்மா கேட்காத உறுதிகளையெல்லாம் அம்மா தானாகவே எடுத்துக்கொண்டாள். வாரம் ஒருமுறை அப்பா காரைக் கிளப்பி உறும விடவேண்டும், தார்ப்பாயைக் காயப்போட வேண்டும், பிள்ளைகள் யாரும் பானட்டில் சாயக்கூடாது. அந்தச் சட்டம் எனக்குத்தான் மிகக் கடுமையாக இருந்தது. ஆனால் அம்மாவுக்கு அதற்கொரு காரணம் இருந்தது. நான் வயிற்றில் புரண்டுகொண்டு வெளியே வராமல் அடம்பிடித்த நாளில், ஜீப்பும் இல்லாமல் ஆம்புலன்சும் வராமல் எல்லோரும் கையைப் பிசைந்தபோது, அம்மாவைப் பின்சீட்டில் படுக்கவைத்து, முன்னால் வரும் வண்டிகூடத் தெரியாத மஞ்சில் குன்னூர் வரைக்கும் ஓட்டிப்போனவர் சார். கூடவே டாக்டரம்மா. “அந்தக் காரு இல்லேன்னா நீயும் இல்ல, நானும் இல்ல” என்பது எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவதற்குச் சமமாகச் சொல்லப்பட்ட வாக்கியம்.

கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தாக இருந்த நம்பர் போர்டுகளையெல்லாம் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தாக மாற்றச் சொல்லி உத்தரவு வந்த காலம் அது. செக்போஸ்ட்களில் பழைய போர்டு வண்டிகளை நிறுத்துகிறார்கள் என்று பேச்சு. அந்தச் சமயத்தில் டாக்டரம்மா ஆஸ்பத்திரி போனுக்குக் கூப்பிட்டார். “காரை வித்துடலாம்னு இருக்கேன் ராசாத்தி. பையனோட வர்றேன், அவன் ஓட்டிட்டு வந்துருவான். போர்டை மட்டும் மாத்தி வச்சிருங்க.”

கோத்தகிரி பஜாரில் போர்டு எழுதுபவரிடம் சொல்லியாயிற்று. அவர் இரண்டு போர்டுகளோடும் ஒரு துளை போடும் மெஷினோடும் வந்து சேர்ந்தார். முன்பக்கத்தில் சிக்கல் ஒன்றும் இல்லை. பின்பக்கம் வந்ததும் புதுப் போர்டை வைத்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம், “ஏனுங்க, இது பழசைவிட நீளமுங்க. பழைய ஓட்டை சேராதுங்க. டிக்கியில புதுசா ரெண்டு ஓட்டை போட்டுட்டா வேலை முடிஞ்சிருமுங்க” என்றார்.

அப்பா தலையாட்டும் முன்பே அம்மா காருக்கும் மெஷினுக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டாள்.

“அடுத்த வீட்டுப் புள்ளைக்கு நாம காது குத்துறதா? அதெல்லாம் வேணாங்க.”

அவர் சிரித்துக்கொண்டே போர்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்பாவுக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. “விக்கப் போற காருக்கு இம்புட்டுப் பாப்பியா நீ?”

“விக்கிறது அவங்க. வச்சிருக்கிறது நாம” என்றாள் அம்மா. பிறகு, அப்பா பேக்டரியில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளும் வாசகத்தை அவரிடமே திருப்பிச் சொன்னாள்: “தகரத்துல ஊசி போற ஓட்டை போதும், மஞ்சு உள்ள பூந்து குடித்தனம் பண்ணிரும்னு சொல்றது யாரு?”

அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் இருவரும் என் வழியாகவே பேசிக்கொண்டார்கள். “ரசம் வேணுமான்னு உங்கப்பாவக் கேளு.” “வேணாம்னு சொல்லு.” மறுநாள் அப்பா மண்ணெண்ணெயில் நனைத்த துணியைப் பழைய போர்டின் போல்ட்டுகளில் சுற்றி ஊறப்போட்டதைப் பார்த்ததும்தான் அம்மாவின் முகம் தெளிந்தது. துருவேறிய போல்ட்டை அவசரப்பட்டுத் திருகினால் தலை முறியும், ஸ்பானர் வழுக்கினால் பெயின்ட் போகும் என்பதால், காரின் முதுகில் பழைய போர்வையை விரித்துக்கொண்டு, ஒரு சுற்று கழற்றி அரைச் சுற்று திரும்பவும் முடுக்கி, பொறுமையாக எடுத்தார். போர்டு கையோடு வந்தது. அப்பா குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், அப்புறம் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார்.

போர்டு மறைத்திருந்த இடம் முழுக்க ஓட்டைகள். ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று போகப்போய்த் திசை தவறியதுபோல் ஓரமாக. எல்லாவற்றையும் புட்டிப் பசை வைத்து அடைத்து, காரின் நீலத்தோடு ஒட்டாத வேறொரு நீலத்தைப் பூசியிருந்தது. சிலவற்றின் விளிம்பில் துரு பூத்திருந்தது. வெகுகாலத்துக்கு முன்னால் ஒரு லீவு நாளில் சார் பேக்டரிக்கு வந்து துளை போடும் மெஷினை இரவல் வாங்கிப்போனதும், மறுநாள் தயங்கித் தயங்கி வந்து, “பள்ளிக்கூட ஜன்னலுக்கு” என்று சொல்லிப் புட்டி கேட்டதும் அப்பாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“சார் போட்ட ஓட்டை! நீ காது குத்தக் கூடாதுங்கிற, அவரு சல்லடையாக்கி வச்சிருக்காரு.”

அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். “சத்தமாச் சிரிக்காதீங்க. செத்துப்போன மனுசன். டாக்டரம்மாவுக்குத் தெரியாம மறைச்சு வச்சிருக்காரு, நாம எதுக்குக் காட்டிக்குடுக்கணும்?” என்னைப் பார்த்து, “யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது” என்றாள்.

அப்புறம் அந்த வேலை ஒரு வைத்தியம் மாதிரி நடந்தது. அப்பா துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, செம்மண் நிற ‘ரெட் ஆக்சைடு’ பூசிக் காயவிட்டார். பழைய போர்டைத் தாங்கியிருந்த இரண்டு நல்ல ஓட்டைகளின் இடைவெளியைக் காகிதத்தில் அச்செடுத்து, அதற்குச் சரியாக ஒரு இரும்புப் பட்டையில் துளை போட்டு, புதுப் போர்டைப் பட்டையோடு சட்டமாகப் பூட்டினார். துளையெல்லாம் பட்டைக்கும் போர்டுக்கும்தான், காருக்கு ஒன்றும் கிடையாது. இரும்பு காரின் தோலில் உரசக் கூடாதென்று அம்மா, பிரசவ அறையில் கிழிந்து ஒதுக்கிய சிவப்பு ரப்பர் ஷீட்டைக் கழுவிக் கொண்டுவந்து, வட்டவட்டமாக வெட்டி இடையில் வைத்தாள். தண்ணீர் தேங்காமல் வடிய அடியில் கொஞ்சம் இடம் விட்டு, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடுக்கியபோது, போர்டு காரோடு பிறந்ததுபோல் உட்கார்ந்தது.

டாக்டரம்மா வந்த அன்று தூறல். கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மா தார்ப்பாயை இழுத்தாள். மகன் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்னால் குனிந்து, “அழகாப் பொருத்தியிருக்கீங்களே, ஓட்டையே போடலயா?” என்றார்.

“நாங்க போடலைங்க தம்பி” என்றாள் அம்மா.

பொய் சொல்ல வராத அம்மாவின் நாக்கு அந்த ‘நாங்க’வைக் கொஞ்சம் அழுத்திவிட்டது. வாசலில் நின்ற டாக்டரம்மா நிமிர்ந்தார். “அப்ப வேற யாரு போட்டா?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். டாக்டரம்மா இப்போது உள்ளே வந்துவிட்டார். “கழட்டுங்க கருப்பையா” என்றார் அப்பாவிடம்.

அவ்வளவு பாடுபட்டுப் பூட்டியதை அப்பா கழற்றினார். டாக்டரம்மா கீழே குந்தி உட்கார்ந்து, அடைபட்ட ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் அம்மாவின் பின்னால் ஒதுங்கினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“போர்டை மெக்கானிக் வந்து மாட்டுறான்னு சொன்னாரு ராசாத்தி! அந்த மெக்கானிக்குக்குன்னு ரெண்டு தடவ என்னை டீ போட வச்சாரு. எங்க, ஆளக் காணோமேன்னு கேட்டா, குடிச்சிட்டுப் போயிட்டான்னாரு. ரெண்டு டீயும் இவரே குடிச்சிருக்காரு!”

சிரித்துச் சிரித்து, அந்தச் சிரிப்பு முடியும் இடத்தில் அழுகை தொடங்கிவிட்டது. சார் இறந்த அன்றுகூட எங்கள் முன்னால் அழாதவர் அவர். அம்மா பக்கத்தில் குந்தி அவரை அணைத்துக்கொண்டாள். மகன் எங்கள் பக்கம் திரும்பாமல், நனைந்து நின்ற தேயிலைச் செடிகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூடிருங்க கருப்பையா, அது அப்படியே இருக்கட்டும்” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்த டாக்டரம்மா, மகன் சாவிக்கு நீட்டிய கையைத் தள்ளிவிட்டுத் தானே வாங்கிக்கொண்டார். மகன் பக்கத்துச் சீட்டில் உட்கார, ஊட்டி வழியாக அவரே ஓட்டிப் போனார். போகும் வழியில் நடுவட்டத்தில் ஒரு கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் வந்தது: “நல்லா இழுக்குது ராசாத்தி. டீ குடிக்க நிறுத்தியிருக்கோம்.” காரை அவர் விற்கவில்லை. ஓட்ட முடிந்தவரைக்கும் மைசூர்த் தெருக்களில் ஓட்டினார்.

இப்போது அந்த ஆஸ்பத்திரி இல்லை. டாக்டர் குவார்ட்டர்ஸ் சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதியாகிவிட்டது, கொட்டகை நின்ற இடத்தில் செயற்கைப் புல் விரித்து நாற்காலி போட்டிருக்கிறார்கள். பஜாரில் கையால் போர்டு எழுதுபவர்களும் இல்லை. இப்போது குன்னூரில் குடியிருக்கும் நாங்கள் சென்ற மாதம் ஒரு கார் வாங்கினோம். அரசாங்க முத்திரையோடு அச்சடித்த போர்டை ஷோரூம் பையன் ஒரு கருவியை வைத்து அமுக்க, பூட்டாணி ‘டக்’கென்று உட்கார்ந்தது. “இனி இதைக் கழட்டவே முடியாதுங்க மேடம், உடைச்சாத்தான் உண்டு” என்று பெருமையாகச் சொன்னான். சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஏதாவது செய்யத் தயாராக நின்ற என் வீட்டுக்காரருக்குச் செய்ய ஒன்றுமே இருக்கவில்லை. காரை ஒருமுறை சுற்றிவந்தார். டயரை லேசாக உதைத்துப் பார்த்தார். நேராகவே இருந்த கண்ணாடியைத் துடைத்து நேராக்கிவிட்டு, “போலாமா?” என்றார்.