மழைக்காட்டில் மாப்பிள்ளை பார்க்கப் போனேன்

என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க நான் ஆப்பிரிக்காவுக்குப் போனேன். எங்கள் திருப்போரூரில் அந்தக் காரியத்துக்குச் செங்கல்பட்டு வரை போனவர்கள் உண்டு, மிஞ்சிப் போனால் காஞ்சிபுரம். கடல் தாண்டிப் போனவன் நான் ஒருவன்தான். இன்றைக்கும் இதைக் கொஞ்சம் கர்வத்தோடுதான் சொல்லிக்கொள்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் ஒரு சரக்குக் கப்பலின் என்ஜின் அறையில் ஃபிட்டராக இருந்தேன். ஒரு தடவை லீவில் வீட்டில் இருந்தபோது, அடுத்த பயணம் நைஜீரியாவுக்கு, மரம் ஏற்ற, என்று தகவல் வந்தது. அதே சமயம் தங்கைக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் செங்கல்பட்டுக்காரர், கணக்கு வாத்தியார். வேலை பார்ப்பது நைஜீரியாவில், காட்டுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடத்தில். தை மாதம்தான் ஊருக்கு வருவார். வந்ததும் கல்யாணம், மறுமாதமே பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். வெறும் போட்டோவைப் பார்த்துச் சரி என்று சொல்ல அப்பாவுக்கு மனசு வரவில்லை.

“நீ எப்டியும் அங்கதான போற? பாத்துட்டு ஒரு தந்தி குடு. நீ இன்னா சொல்றியோ அதான்” என்றார்.

குடிக்கிறானா, வீட்டில் வேறு பெண் யாராவது இருக்கிறாளா, சொன்ன வேலை நிஜமா என்று ஒரு பட்டியலும் கொடுத்தார். அம்மா புளியும் வடகமும் கட்டிக் கொடுத்தாள். தங்கை என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தாள். பஸ் கண்ணில் பட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“ணா, அப்பா கேட்டதெல்லாம் நீ பாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு பாத்துகினு வா. பசி வேளையில அவரு எப்டிப் பேசுறாரு? அது போதும்.”

“இதெல்லாம் ஒரு கேள்வியா?”

“ஏன், நம்ம வூட்ல ரெண்டு பேரு கீறீங்களே, பத்தாதா?”

எனக்குச் சுருக்கென்றது. அப்பா பஸ் கண்டக்டர். டூட்டி முடிந்து வரும்போது சோறு ஐந்து நிமிஷம் தாமதமானால் தட்டு வாசலில் போய் விழும். நான் தட்டை எறிகிற ரகம் இல்லை, வாயால் எறிகிற ரகம். பசித்தால் எனக்குக் கண் மண் தெரியாது. இரண்டு பேருக்கும் நேரம் பார்த்துச் சோறு வடித்துப் போட்டது அவள்தான். நான் தப்பாகப் பார்த்துத் தந்தி கொடுத்துவிட்டால், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் அவள் இன்னொரு தட்டுக்குப் பயந்துகொண்டு இருக்க வேண்டியதுதான். அந்தப் பயம் கப்பலில் என் கூடவே வந்தது.

கப்பல் கடலை விட்டு ஓர் ஆற்றுக்குள் நுழைந்து, பகல் முழுக்க மேலேறிப் போய் நின்றது. இரண்டு கரையிலும் காடு. தண்ணீரில் யானை யானையாக மரங்கள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றை ஏற்றி முடிக்க நாளாகும் என்பதால் எனக்கு நான்கு நாள் லீவு கிடைத்தது. கரையில் இறங்கினால் மழை.

எங்கள் பக்கத்து மழை எனக்குத் தெரியும். ஐப்பசியில் வரும், இரண்டு நாள் கொட்டும், பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்கள், வீட்டில் பஜ்ஜி போடுவார்கள், அப்புறம் வெயில் வந்துவிடும். மாமல்லபுரம் வரைக்கும் கரையெல்லாம் கருவாடு காய்கிற பக்கத்தில் பிறந்தவன் நான். மழை என்றால் எனக்கு நின்றுபோகிற ஒன்று. ஆகவே படித்துறைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் ஒதுங்கி நின்றேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். பெண்கள் தலையில் எனாமல் கூடையும் அதன் மேல் வாழையிலையுமாக மழையில் நடந்து போனார்கள். ஒருவன் ஆட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரு கிழவர் கொட்டகைக்குள் வந்து, உடம்புக்கு முடியவில்லையா என்று இங்கிலீஷில் விசாரித்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் சொட்டச் சொட்ட நனைந்தபடி ஒல்லியாக ஒருவர் வந்தார். போட்டோவில் பார்த்த முகம். நான் வரப்போவதை அப்பா முன்கூட்டியே அவருக்கு எழுதியிருந்தார்.

“திருப்போரூர் சார்தான? எங்கல்லாம் தேடறது! இன்னா இங்கயே நிக்கிறீங்க?”

“மழ நிக்கட்டும்னு பாக்கறேன்.”

“இது அக்டோபர்ல நிக்கும் சார். வாங்க, போலாம்.”

அது ஜூலை மாதம். நான் மழையில் இறங்கினேன். முதல் பத்து அடி எரிச்சலாக இருந்தது. பிறகு சட்டை, பை, கால்சட்டை எல்லாம் நனைந்து, இனி நனைய ஒன்றும் இல்லை என்று ஆனதும், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. அங்கே பஸ் மாதிரி ஆள் ஏற்றுகிற ஒரு லாரியின் பின்பக்கம் நின்றுகொண்டு காட்டைப் பார்த்தேன். அண்ணாந்து பார்த்தும் மரத்தின் உச்சி தெரியவில்லை. இறங்கும்போது செம்மண் சேற்றில் வழுக்கி விழுந்தேன். சுற்றி நின்ற அத்தனை பேரும் “சாரி, சாரி” என்றார்கள். தள்ளிவிட்டது யார் என்று நான் முறைத்தேன். யார் விழுந்தாலும் எல்லோரும் சாரி சொல்வதுதான் இங்கே வழக்கம் என்று வாத்தியார் விளக்கினார். எங்கள் ஊரில் விழுந்தால் முதலில் சிரிப்பார்கள்.

அப்பாவின் பட்டியல் அன்றைக்கே முடிந்துவிட்டது. அவர் வீட்டில் ஒற்றைக் கட்டில், ஒரு மேஜை, அடுப்புக்கு மேல் கயிறு கட்டிக் காயப்போட்ட வேட்டி. முருகன் படத்தில் தினமும் பூஞ்சை பிடிக்கும், தினமும் துடைப்பார். பாட்டில் எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் அவரைக் கண்டதும் மழையில் ஓடி வந்தார்கள்.

தங்கையின் கேள்விதான் நடக்கவில்லை. அந்த மனிதர் பசிக்கவே விடவில்லை! விடிந்ததும் கஞ்சி, பத்து மணிக்கு வாழைக்காய் வறுவல், மதியம் நான் கொண்டுபோன புளியில் மீன் குழம்பு, நாலு மணிக்கு வேர்க்கடலை, மறுபடி சோறு. மூன்றாம் நாள் ஒரு தந்திரம் செய்தேன். எனக்கு வயிறு சரியில்லை, மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடலாம் என்றேன். அவர் சுக்கு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து காத்திருந்தார். ஒரு மணி நேரத்தில் பசி தாங்காமல் நானே போய்ச் சட்டியைத் திறந்தேன்.

நாலாம் நாள் விடிகாலை கிளம்பினோம். மறுநாள் கப்பல் புறப்படுகிறது. துறைமுகம் வரை அவரும் வந்தார். லாரி போய்விடும், போய்விடும் என்று நான் அவரை விரட்டிய விரட்டில், கட்டி வைத்த புளிச்சோற்று டப்பா மேஜை மேலேயே இருந்துவிட்டது. லாரி காட்டுக்குள் போன பிறகுதான் தெரிந்தது.

“டப்பா அங்கியே கீது சார்” என்று அவர் சிரித்தார்.

பாதி வழியில் ரோட்டில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. அதை வெட்டித் தள்ளுவதற்குள் லாரியின் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளத் தள்ளப் புதைந்தது. மணி பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. மழை விடவில்லை. நான் ஆரம்பித்தேன். டிரைவரைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், மரத்தைத் திட்டினேன். தமிழில் திட்டினேன், ஆனாலும் சுற்றி இருந்தவர்களுக்கு விளங்கிவிட்டது, சாரி என்றார்கள். அதற்கும் திட்டினேன்.

வாத்தியார் அப்படி இல்லை. பசியில் அழுத இரண்டு பிள்ளைகளைத் தார்ப்பாய்க்கு அடியில் உட்காரவைத்து, விரல்களை மடக்கி மடக்கி ஏதோ கணக்கு விளையாட்டுக் காட்டிச் சிரிக்கவைத்தார். டிரைவர் கூப்பிட்டபோதெல்லாம் எழுந்து போய்த் தள்ளினார். நேரம் ஆக ஆக அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. மூன்று மணிக்கு, அவர் சொல்வதைக் கேட்க நான் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது.

“இன்னும் ஒரு வாட்டி தள்ளிப் பாக்கலாம் சார்.”

“யோவ், இந்த ஊருக்கு எவன்யா பொண்ணு குடுப்பான்?” என்று கத்தினேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது புரிந்தது. அவர் சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்தார்.

“அதச் சொல்லத்தான வந்தீங்க. தப்பில்ல சார். சாப்ட்டுட்டுச் சொல்லுங்க” என்றார், அதே தணிந்த குரலில்.

நான் போய் லாரிக்குத் தோள் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் குடிசைகளிலிருந்து ஒரு பெண் சுட்ட சோளக்கதிர் கொண்டுவந்தாள். கூட்டத்தில் முட்டி மோதி நான் ஒரே ஒரு கதிர் வாங்கினேன். ஆளுக்குப் பாதி தின்றோம். அதற்கப்புறம் தள்ளியபோது லாரி ஏறிவிட்டது. பொழுது சாய்வதற்குள் துறைமுகம் வந்து சேர்ந்தோம். தந்தி ஆபீசில், “பசித்தால் குரல் தாழ்கிறது. சம்மதம் சொல்லவும்” என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். அப்பாவுக்குப் பின்பாதி மட்டும்தான் புரிந்ததாம். முன்பாதியைத் தங்கை மடித்து வைத்துக்கொண்டாள்.

தை மாதம் திருப்போரூர் கோயிலில் கல்யாணம். பெண்ணின் அண்ணன் கடைசிப் பந்தியில்தான் உட்கார முடியும். பந்தி மேல் பந்தியாக நடந்தது. மணி மூன்றைத் தாண்டிவிட்டது. பரிமாறுகிறவர்கள் மேல் எரிந்து விழலாம் என்று நான் வாயைத் திறக்கிற நேரம், தங்கை மணக்கோலத்தோடு வந்து ஒரு நீலநிற ஏர்மெயில் தாளை என் கையில் வைத்தாள். நான் கப்பலேறிய மறுநாளே அவருக்கு அவள் தானாகவே ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். இது அதற்கு அவர் போட்ட பதில்.

“நீங்கள் எழுதியபடியே உங்கள் அண்ணனை மூன்று நாள் பசிக்கவிடாமல் பார்த்துக்கொண்டேன். நாலாம் நாள் தவறிவிட்டது, மன்னிக்கவும். மழையைத் திட்டினார், லாரியைத் திட்டினார், என்னையும் திட்டினார். கடைசியில் ஒரே ஒரு சோளக்கதிர் கிடைத்தது. முட்டி மோதி அதை வாங்கி வந்தவர் அவர்தான். அதை ஒடித்துப் பெரிய பாதியை என்னிடம் நீட்டி, ‘துன்னுய்யா’ என்று அதையும் திட்டுகிற மாதிரியே சொன்னார். இந்த வீட்டில் பெண் எடுக்கலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.”

எந்தப் பாதி பெரிது என்று சத்தியமாக எனக்கு நினைவில்லை. திட்டியது மட்டும்தான் நினைவிருந்தது. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கண் கலங்கிவிட்டது. பந்தியில் மறுபடியும் இலை தீர்ந்துவிட்டது, இன்னும் அரை மணி ஆகும் என்றார்கள். பரவாயில்லை, மெதுவாகப் போடுங்கள் என்றேன். அப்பாவே திரும்பிப் பார்த்தார்.