ரசவாளியோடு இடுப்பு பிடித்த கதை

மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்யாணம். இரண்டாம் பந்தியில் ரசம் என் பொறுப்பு. வரிசையின் நடுவில் ஒரு பெரியவரின் இலைக்குக் குனிந்தவன் நிமிரப் பார்த்தேன். முடியவில்லை. இடுப்பில் ஆணி அடித்து நிறுத்தியதுபோல் இருந்தது.

வாளியை வைக்க இடமில்லை. பின்னால் அப்பளக்காரர் நெருக்குகிறார். குனிந்த வாக்கிலேயே வரிசை முடியும்வரை ஊற்றிக்கொண்டு போனேன்.

"பாத்தேளா, என்ன மரியாதை! இந்தக் காலத்துல யார் இப்படிக் குனிஞ்சு பரிமாறறா?" என்று பெரியவர் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது. சிரிப்பு வந்தது, சிரித்தால் வலித்தது.

அப்படியே சமையற்கட்டுக்குள் நுழைந்தேன். எங்கள் கேட்டரிங் கான்ட்ராக்டர் அம்பி மாமா, "எசக்கி, கீழே என்னடா தேடறே?" என்றார்.

"தேடல மாமா. இடுப்பு புடிச்சிட்டு."

அரிசி மூட்டைமேல் சாய்த்து, டாக்ஸியில் தாராவியில் என் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

படுக்கை

எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. காலையில் எழுந்தால் முழங்காலும் முதுகும் டீ குடிக்கும்வரை மரக்கட்டையாக இருக்கும். வயசானால் அப்படித்தான் என்று விட்டிருந்தேன். இப்போது முழு ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும் என்று படுத்தேன். படுக்கப் படுக்க உடம்பு இன்னும் இறுகியது.

அம்பி மாமா போன் செய்தார். "இனிமே காபி கவுன்ட்டர்ல நின்னுடு. குனியற வேலையே வேண்டாம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பந்தியை முன்னின்று நடத்தியவனுக்கு அது வீட்டுக்குப் போ என்று சொன்னதுபோல் இருந்தது.

என் மனைவி செல்விக்குப் பொறுக்கவில்லை. "படுத்தே கெடந்தா ஆச்சா? எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று சயானுக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் சோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே ஒரு மராத்திப் பெண்.

"காகா, லேட்னேகா நை, ஹில்னேகா!" என்றாள். படுக்காதே, அசை என்கிறாள். 'காகா' என்றால் சித்தப்பா என்று தெரிந்திருந்தும், காக்கையைக் கூப்பிடுவதுபோல் கேட்கவே செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் எப்படிப் பரிமாறுவேன் என்று செய்துகாட்டச் சொன்னாள் அந்தப் பெண். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரோடு பெஞ்சு வரிசையில் நடந்தேன். காத்திருந்த ஒருவர், "பையா, இதர் பி தோடா!" என்று, இங்கேயும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கையை நீட்டினார்.

முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கு, வாளியை உடம்போடு ஒட்டிப் பிடி, கையை மாற்று என்று திருத்தினாள். காலையில் படுக்கையிலேயே முழங்கால்களை ஒவ்வொன்றாக நெஞ்சுவரை இழுக்க வேண்டும். பிறகு வெந்நீர்க் குளியல், கொஞ்சம் நடை.

செம்பூர்க் கல்யாணம்

காபி கவுன்ட்டரில் சில மாதம் ஓடியது. நின்றே இருந்தாலும் கால் இறுகும் என்பதால் பாய்லருக்கும் டம்ளர் கூடைக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பேன்.

செம்பூரில் ஒரு பெரிய கல்யாணத்தன்று பரிமாறும் ஆட்கள் சிலர் வரவில்லை. "ஏண்டா, முடியுமா?" என்றார் அம்பி மாமா.

"முடியும் மாமா. பத்து நிமிசம் மட்டும் குடுங்க."

சமையற்கட்டுக்குப் பின்னால் போய்க் கையைச் சுழற்றி, முழங்காலை மடக்கி நீட்டினேன். ஆட்கள் கேலி செய்தார்கள். "பொண்ணாத்துக்காரா பாத்தா என்ன நெனைப்பா!" என்று மாமா தலையில் கைவைத்தார். கடைசிப் பந்தி வரை நானே முன்னின்றேன். பயம் மறுநாள் காலையைப் பற்றித்தான். விடிந்ததும் கொஞ்சம் இறுக்கத்தோடு, ஆனால் நேராக எழுந்தேன். செல்வி டீயை நீட்டினாள். சூடு தெரியாமல் குடித்தேன்.

அடுத்த கல்யாணத்தில், ஸ்டூலிலிருந்து மேஜையைப் பிடித்து எழுந்த அம்பி மாமா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அந்த முட்டிக்கு என்னவோ பண்றியே, அதக் கொஞ்சம் காட்டு." கேலி செய்தவர்களும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

நான் கற்றது இதுதான்: வலிக்கும் நாளில் யாரும் சொல்லாமலே பயிற்சி செய்வோம். ஒன்றும் வலிக்காத நாளில்தான், இன்று வேண்டாமே என்று தோன்றும். அந்த நாளில் கட்டாயம் செய்யுங்கள்.