அக்கா தவறவிட்ட ஹெக்ட்

எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, என் அக்காவின் தூண்டிலிலிருந்து ஒரு பெரிய மீன் தப்பிப்போக வழி செய்தேன். மீன்மேல் இரக்கப்பட்டுச் செய்ததல்ல. அக்காமேல் இருந்த எரிச்சலில் செய்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் சுவிட்சர்லாந்தின் வில் நகரில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் எல்லாமே அக்காவுக்காகத்தான் நடந்தது. அவளுக்குப் பதினைந்து வயது. நினைத்த நாளில் பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்தாள், ஒருவரும் ஏசவில்லை. அம்மா தன் அறையை விட்டுவிட்டு எங்கள் அறைக்கு வந்து, அக்காவின் கட்டிலோடு ஒட்டி மெத்தை போட்டுப் படுத்தார். நான் கணக்கில் ஆறு எடுத்துக்கொண்டு வந்தேன். சுவிஸ் பள்ளிக்கூடத்தில் ஆறுக்கு மேல் புள்ளி கிடையாது. அம்மா தாளைப் பார்க்காமலே "நல்லது" என்றார். அன்று பின்னேரம் அக்கா தலை முழுகிவிட்டு வந்தாள். "முழுகிட்டியோ? என்ரை குஞ்சு" என்று அம்மா துவாயை வாங்கித் தானே துவட்டிவிட்டார். முழுகியதற்குப் பாராட்டு! மறுநாள் நான் இரண்டு தரம் முழுகிப் பார்த்தேன். தண்ணீரை வீணாக்குகிறேன் என்று ஏச்சு விழுந்தது.

எல்லாவற்றிலும் பொறுக்க முடியாதது அந்த மீன்பிடிதான். அம்மா முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். கூட வேலை செய்த சுவிஸ்காரி ஒருவர் அவரை ஏரிக்குக் கூட்டிப்போய்ப் பழக்கியிருந்தார். அம்மா ஜெர்மன் புத்தகம் படித்து, பரீட்சை எழுதி, மீன்பிடிக்கச் சான்றிதழும் எடுத்துவிட்டார். அவருடைய குறி ஹெக்ட் என்ற மீன். நீண்ட பச்சை உடம்பு, வாத்தின் அலகு போலத் தட்டையான வாய், வாய் நிறையப் பல். அடுத்த வருடம் என்னையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். அடுத்த வருடமும் வந்தது. கூட்டிப்போனது அக்காவை.

ஒரு நாள் குளியல் தொட்டியை நிரப்பி வைத்து அம்மா அவளுக்குப் பாடம் நடத்தினார். நான் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். இரைக்குப் பதிலாக நூலில் கட்டிய றப்பர் மீன் வாலை ஆட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போனது.

"மெல்ல இழு. இப்ப நிப்பாட்டு. பொறு, அவசரப்படாத. தண்ணி இன்னும் குளிர், அதாலை துரத்திக்கொண்டு வர ஏலாது. நாங்கள்தான் அதின்ரை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் நிப்பாட்ட வேணும். வராட்டி, திரும்பவும் கொண்டுபோக வேணும்."

வெயில் பட்டு முதலில் சூடேறுவது நாணல் நிற்கும் ஆழமில்லாத கரை என்றார். பனி உருகிக் கலங்கிய தண்ணீரென்றால் மஞ்சள் றப்பர் மீன், தெளிந்திருந்தால் வெள்ளி. அக்கா தொட்டி விளிம்பில் இருந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே நின்ற நான்தான் ஒரு சொல் விடாமல் பாடமாக்கினேன்.

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்று. ஹெக்ட் முட்டையிடும் காலம் தொடங்கினால் பிடிக்கத் தடை. அதற்கு முன் அதுதான் கடைசி ஞாயிறு. அப்பாவை உணவகத்தில் திடீரென்று வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் என்னையும் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. அந்த 'வேறு வழியில்லாமல்' எனக்கு நன்றாகவே விளங்கியது.

"கம்பிப் பெட்டியைப் பையுக்குள்ள வை" என்றார் அம்மா. ஹெக்டின் பல் நைலோன் நூலை வெட்டிவிடும். அதனால் நூலின் நுனியில் ஒரு சாண் உருக்குக் கம்பி கட்டி, அதிலேதான் றப்பர் மீனை மாட்டுவார்கள். அந்தக் கம்பிகள் இருந்த தகரப் பெட்டியை எடுத்தேன். பையில் வைக்கவில்லை. என் தலையணைக்குக் கீழே வைத்தேன்.

ரயிலில் போய் ஏரிக்கரை ஊரான ரோர்ஷாக்கில் இறங்கி, கரையோரமாக நடந்து, நாணல் மண்டிய குடாவுக்கு வந்தபின் அம்மா பையைக் கிண்டினார்.

"பெட்டி எங்கை?"

"வைச்சனான் எண்டுதான் நினைச்சன்" என்றேன்.

அம்மா, ஒரு வாகனமும் வராத தெருவிலும் சிவப்பு விளக்கு மாறும்வரை நிற்பவர். கம்பி இல்லாமல் ஹெக்டுக்குத் தூண்டில் போடக்கூடாது, நூல் அறுந்தால் மீன் வாயில் கொக்கியோடு போய்த் துன்பப்படும் என்று எங்களுக்கே சொன்னவர். எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பப் போகிறோம் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அப்போது அக்கா வாய் திறந்தாள்.

"ஒருக்கா மட்டும் எறிஞ்சு பாக்கட்டோ?"

அம்மா அவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு இருந்ததில் தடித்த நூலை எடுத்துக் கட்டினார். நூல் அறுந்தாலும் மீன் கொக்கியைக் கழற்றிக்கொள்ளட்டும் என்று அதன் முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டுத் தூண்டிலை அவள் கையில் கொடுத்தார். எனக்காக அம்மா எந்தச் சட்டத்தையும் மீறியதில்லை.

ஒருக்கா என்றவள் இருபது தரமாவது எறிந்திருப்பாள். மெல்ல இழுத்தாள், நிறுத்தினாள், பொறுத்தாள். அன்று தொட்டி விளிம்பில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். திடீரென்று தடி வளைந்தது.

"அம்மா! அம்மா, பிடிச்சிட்டுது!"

அந்தக் குரலை நான் கேட்டுப் பல மாதங்கள். நாணலுக்கு முன்னால் தண்ணீர் பிளந்து, என் கையை விட நீளமான மீன் வாயைத் திறந்தபடி எழும்பி விழுந்தது. நானும் என்னை மறந்து கத்திக்கொண்டு சப்பாத்தோடு தண்ணீருக்குள் ஓடினேன். அடுத்த கணம் நூல் தொய்ந்தது. நுனி வெட்டுப்பட்டிருந்தது.

அழப்போகிறாள் என்று காத்திருந்தேன். அக்கா கூழாங்கல்மேல் தொப்பென்று இருந்து சிரிக்கத் தொடங்கினாள்.

"அதின்ரை மூஞ்சையைப் பாத்தனியளே அம்மா? எங்கடை கணக்கு வாத்தி கொட்டாவி விடுற மாதிரி!"

அம்மா சிரிக்கவில்லை. ஏரிப் பக்கம் திரும்பி, கழுத்துத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மீன் போனதற்கு இப்படியும் ஓர் அழுகையா என்று நினைத்தேன். பிறகு வந்து அக்காவைக் கட்டிப்பிடித்தார். மீனைத் தவறவிட்டாலும் அவளுக்குத்தான் அணைப்பு. நான் ஈரக் காலோடு நின்றேன்.

திரும்பும் ரயிலில் அக்கா அம்மாவின் தோளில் சாய்ந்து நித்திரையானாள். எதிரில் இருந்த என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"அம்மா, பெட்டியை நான்தான் ஒளிச்சனான்."

"தெரியும்" என்றார். "மெல்லக் கதை. அக்கா நித்திரை."

ஏச்சுக்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

வில் வந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். அம்மா உதட்டில் விரலை வைத்தார், அசையவில்லை. கதவுகள் மூடின. எங்கள் நிலையம் ஜன்னலில் நழுவிப் போனது. பயணச்சீட்டுப் பார்க்க வந்தவரிடம் அம்மா மெதுவாக ஏதோ சொன்னார். அவர் அக்காவைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் அப்பால் போனார். வின்டர்தூரும் வந்தது, போனது.

அந்த மாதங்களில் அக்காவுக்குக் குளிசை போட்டாலும் நித்திரை வரவில்லை என்பதையும், அவள் தனக்கே ஏதும் செய்துகொள்வாளோ என்ற பயத்தில்தான் அம்மா அவள் பக்கத்தில் விழித்துக் கிடந்தார் என்பதையும் எனக்குப் பதினேழு வயதில்தான் சொன்னார்கள். சொன்னது அக்காதான்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், ரயிலில் நான் எத்தனையோ தரம் நித்திரையாகியிருக்கிறேன், எனக்காக ஒரு நாளும் அம்மா இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனதில்லை என்பதுதான். ஆகவே நானும் கண்ணை மூடி, வாயைக் கொஞ்சம் திறந்து, ஆழ்ந்த நித்திரை போல நடித்தேன். அம்மா என்னைப் பார்க்கிறாரா என்று இமையிடுக்கால் பார்த்தபடியே சூரிச் வரை போனேன்.