நான்காவது ரேஸில் பிளாக் பெப்பர்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஆலிஸை எல்லோரும் ஜாக்கெட் தைக்கும் ஆலிஸ் என்றுதான் அறிவார்கள். வயது ஐம்பத்தெட்டு. புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், இறந்து ஒன்பது வருஷமாகிறது. பிள்ளைகள் இல்லை. டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் டீக்கடைகளில் சனிக்கிழமை காலை விற்கும் ‘வெற்றிப் பரி’ என்ற நாலு பக்க ரேஸ் தாளில், எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று எழுதும் ‘துரை’ அவள்தான் என்பது சந்தில் இரண்டு வீட்டுக்கு மட்டுமே தெரியும். பொம்பளை பேரைப் போட்டால் ஒருத்தனும் இருபது ரூபாய் கொடுத்து வாங்கமாட்டான் என்று, தாளை அச்சடிக்கும் குணசேகரன் வைத்த பெயர் அது.

அவளுடைய அப்பா ராசையா கிண்டி லாயங்களில் லாடம் அடித்தவர். ஆலிஸ் பிறந்து வளர்ந்தது லாயத்துக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில். குதிரையின் நடையைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுப் பழகியவள். ஆனால் வாழ்க்கையில் ஒரு ரூபாய் பந்தயம் கட்டியதில்லை. ரேஸ் நாளில் மைதானத்துக்குப் போவதும் இல்லை. கடைசி இருநூறு மீட்டரில் கூட்டம் போடும் சத்தம் அவளுக்கு ஆகாது.

வியாழக்கிழமைதான் அவள் போகும் நாள். ராயபுரத்தில் முதல் ரயிலைப் பிடித்து, பீச் ஸ்டேஷனில் வண்டி மாறி, கிண்டியில் இறங்கும்போது கிழக்கு வெளுக்கும். குதிரைகளைப் பயிற்சிக்கு ஓட்டும் நேரம். மற்ற ஆட்கள் ஸ்டாப் வாட்ச்சும் பைனாகுலருமாக மணல் தடத்தின் ஓரம் நிற்பார்கள். ஆலிஸ் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தடத்திலிருந்து லாயத்துக்குத் திரும்பும் வழியில் போய் நிற்பாள். அந்த இடத்தில் சிமெண்ட் ரோடு குறுக்கே போகிறது. மணலில் கேட்காதது சிமெண்டில் கேட்கும்.

அந்த நவம்பர் வியாழக்கிழமை பிளாக் பெப்பர் அந்த ரோட்டைத் தாண்டியது.

கறுப்புக் குதிரை, நாலு வயது. முந்தைய இரண்டு ரேஸையும் நாலு குதிரை நீளம் முன்னால் வந்து ஜெயித்தது. வருகிற சனிக்கிழமை நான்காவது ரேஸில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. காலையில் ஓடிய வேகமும் குறையவில்லை. ஆனால் சிமெண்டில் அது நடந்து போனபோது ஆலிஸ் தலையைத் தூக்கினாள். நாலு அடியில் ஒரு அடி மெத்தென்று விழுந்தது. வலது முன்னங்கால், முழுப் பாரத்தையும் ஊன்றாமல். பத்தடி தள்ளிப் போனதும் சரியாகிவிட்டது. மறுபடி ஒரு தடவை மெத்தென்றது.

“கால்ல இன்னாவாது கீதா?” என்று குதிரையைப் பிடித்து வந்த ஆளைக் கேட்டாள்.

“டாக்டரே நேத்து பாத்துட்டு நல்லாக்கீதுன்னு சொல்லிட்டாரு. நீ போம்மா” என்றான் அவன்.

வீட்டுக்கு வந்து தையல் மெஷினில் உட்கார்ந்தும் அந்த அடி காதை விட்டுப் போகவில்லை. தப்பாகக் கேட்டிருக்கலாம். சிமெண்டில் மணல் படிந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை காலை தாளுக்கு எழுத உட்கார்ந்தாள். முதல் ரேஸுக்கு எப்போதும்போல் எழுதினாள்: ‘புதன்கிழமை பெய்த மழையில் தடம் கனத்திருக்கிறது. கனத்த தடத்தில் மார்னிங் டைட் சளைக்காது. சுமக்கும் எடையும் போன தடவையைவிட இரண்டு கிலோ குறைவு.’ இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே ஓடிவிட்டன. நான்காவதில் பேனா நின்றது. அரை மணி நேரம் கழித்து எழுதினாள்: ‘பிளாக் பெப்பர் வேண்டாம். நடை சரியில்லை. சிலோன் ரூபியைப் பார்க்கலாம்.’

பதினொரு மணிக்கு குணசேகரன் போன் செய்தான்.

“ஆலிஸம்மா, இன்னா இது? நாலாவது ரேஸ தப்பா அனுப்பிட்டியா?”

“சரியாத்தான் அனுப்புனேன்.”

“ஹார்பர் மொத்தமும் அந்த குதிர மேலதான் கட்டிக்கினு கீது. அது கெலிச்சிச்சுன்னா நாளைக்கு நம்ம தாளுல வட சுத்தி குடுப்பான். ஒயுங்கா பிளாக் பெப்பர்னு போட்டு அனுப்பு.”

“கால் வலிக்குது அதுக்கு.”

“யாரு சொன்னது?”

“நான் கேட்டேன்.”

“யாராண்ட கேட்ட?”

“குதிரயாண்ட” என்றாள் ஆலிஸ். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பிறகு அவன், போட்டுத் தொலைக்கிறேன், நாளைக்கு வரும் போன் எல்லாவற்றையும் உன் நம்பருக்குத் தள்ளிவிடுவேன் என்று வைத்துவிட்டான்.

சாயங்காலம் குதிரைகள் மீது யார் ஏறுகிறார்கள் என்ற கடைசிப் பட்டியல் போனில் வந்தது. பிளாக் பெப்பரில் வழக்கமாக ஏறும் ஜாக்கிக்குக் காய்ச்சல். அவனுக்குப் பதில் திலீப்.

ஆலிஸ் அந்தப் பெயரை இன்னொரு தடவை படித்தாள். திலீப் எதிர்வீட்டு செல்லம்மாவின் மகன். செல்லம்மா காசிமேட்டில் மீன் விற்பவள். கடலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்து, ஐம்பது கிலோவைத் தாண்டாத உடம்போடு, ரேஸ் குதிரையில் ஏறப்போன ஒரே ஆள் அவன். வயது இருபத்தேழு. எட்டு மாதமாக அவனுக்குக் கிடைத்ததெல்லாம் கடைசியில் வரும் குதிரைகள்தான். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் குதிரையின் முன்னங்கால் ஒடிந்தால் மேலே இருப்பவன் கதி என்ன என்று லாயத்தில் வளர்ந்த ஆலிஸுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவள் எதிர்வீட்டுக்குப் போனபோது திலீப் மாடிப்படியில் உட்கார்ந்து பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“ஆன்ட்டி, பாத்தியா லிஸ்ட்ட?”

“பாத்தேன். அத்த வுட்ருடா திலீப்பு.”

சிமெண்டில் கேட்டதை அவள் சொல்லச் சொல்லக் கேட்டான். சிரிப்பு போய்விட்டது.

“நிச்சயமா சொல்றியா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவன் ஒருவேளை நின்றிருப்பான். ஆலிஸால் பொய் சொல்ல முடியவில்லை. “நிச்சயம்னு எப்பிடி சொல்வேன்? ரெண்டு வாட்டி கேட்டேன். அவ்ளோதான்.”

“டாக்டரு ஓகே சொன்ன குதிரய நான் வேணான்னா, அப்புறம் எனக்கு கழுத கூட குடுக்கமாட்டாங்க.” பூட்ஸை மறுபடி கையில் எடுத்தான். “அம்மாவாண்ட சொல்லாத. நாளைக்கு கடைய மூடிட்டு பாக்க வரேன்னு சொல்லிக்கீது.”

செல்லம்மா சனிக்கிழமை பட்டுப் புடவையில் வந்து கதவைத் தட்டினாள். “நீயும் வா ஆலிஸு. எனக்கு அங்க ஒண்ணும் தெர்யாது. எம்புள்ள எதுன்னு நீதான் காட்டணும்.” ரேஸ் நாளில் போகாத ஆலிஸ் அன்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கிண்டி மைதானத்தில் மூன்று ரேஸ் முடிந்தன. மார்னிங் டைட் சொன்னபடி ஜெயித்தது. பக்கத்தில் ஒருவன் ‘வெற்றிப் பரி’யை மடித்து விசிறிக்கொண்டு, “துரைக்கு கெரகம் புடிச்சிகீது, பிளாக் பெப்பர் வேணாமாம்” என்று தோழனிடம் சொன்னான். ஆலிஸ் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். மைதானத்தின் பெரிய திரையில் குதிரைகள் புறப்படும் இடத்தைக் காட்டினார்கள். தூரத்து மூலையில் ஒன்பது குதிரைகள் சுற்றிச் சுற்றி நடந்தன.

“அதோ, மூணாம் நம்பரு” என்று காட்டினாள். செல்லம்மா கைகூப்பினாள்.

ஒவ்வொரு குதிரையாகப் புறப்பாட்டுக் கூண்டுக்குள் ஏற்றினார்கள். இரண்டு உள்ளே போயின. மூன்றாம் நம்பரை இழுத்தார்கள். அப்போது திலீப் கையைத் தூக்கினான். தூக்கிய கையோடு குதிரையிலிருந்து இறங்கிவிட்டான்.

மைதானம் முழுக்க எழுந்து நின்றது. பிறகு ஒரே கூச்சல். “டேய் ஏர்றா மேல!” “பயந்தாங்கொள்ளி!” ஒலிபெருக்கியில், மூன்றாம் நம்பரை டாக்டர் பரிசோதிக்கிறார் என்றார்கள். திரையில் வெள்ளைத் தொப்பி போட்ட டாக்டர் குனிந்து காலைத் தடவினார். அழுத்தினார். நிமிர்ந்து தலையை ஆட்டினார். ஒன்றுமில்லை என்கிற மாதிரி இருந்தது. திலீப் அவரிடம் எதையோ கையை நீட்டிக் காட்டிப் பேசினான். காட்டியது பக்கத்திலிருந்த சிமெண்ட் பாதையை.

“இன்னாத்துக்கு எறங்குனான்? எதுனா ஆச்சா அவனுக்கு?” செல்லம்மா ஆலிஸின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

ஆலிஸ் திரையையே பார்த்தாள். டாக்டர் ஒன்றும் கண்டுபிடிக்காவிட்டால் திலீப்பின் பிழைப்பு இன்றோடு முடிந்தது. முடித்தவள் அவள். ஒரு ஆள் குதிரையை அந்தச் சிமெண்ட் பாதையில் ஓட விட்டான். போனது. திரும்பியது. டாக்டர் மறுபடி ஓட்டச் சொன்னார். திரையில் சத்தம் இல்லை. ஆலிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது டாக்டர் ரேஸைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டரிடம் கையை வீசிக் காட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நம்பர் ஓடாது என்று அறிவித்தார்கள். அதன்மேல் கட்டிய பணம் திரும்பத் தரப்படும் என்றும் சொன்னார்கள். அது யார் காதிலும் ஏறவில்லை. தண்ணீர் பாட்டில்கள் பறந்தன.

“நான்தான் அவனாண்ட சொன்னேன்” என்றாள் ஆலிஸ். “குதிர கால் சரியில்லன்னு.”

செல்லம்மா அவளைப் பார்த்தாள். பிடித்திருந்த கையை எடுத்தாள். “எட்டு மாசமா காத்துக்கினு இருந்தான் ஆலிஸு” என்று மட்டும் சொன்னாள். திரும்பும்போது ரயிலில் வேறு பெட்டியில் ஏறினாள்.

சிலோன் ரூபி நாலாவதாக வந்தது. அதற்காகவும் குணசேகரன் போன் செய்தான்.

செவ்வாய்க்கிழமை எக்ஸ்ரே முடிவு வந்தது. வலது முன்னங்கால் எலும்பில் மயிரிழை விரிசல். நின்ற நிலையில் தொட்டுப் பார்த்தால் தெரியாதது. ஓடியிருந்தால் கடைசித் திருப்பத்தில் இரண்டாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். திலீப் படியேறி வந்து ஆலிஸிடம் சொன்னான். “கூண்டாண்ட போற வழில ஒரு சிமெண்ட் பாதைய தாண்டுச்சு ஆன்ட்டி. நீ சொல்லலைன்னா நான் கவனிச்சே இருக்கமாட்டேன். மெத்துனு கேட்டுச்சு. கேட்டப்புறம் எப்பிடி ஓட்றது?”

குதிரை பிழைத்தது. ஆனால் அதைப் பழக்கும் ட்ரெய்னர் திலீப்பை மன்னிக்கவில்லை. ஊரே பார்க்க இறங்கியதற்குப் பதில் தன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்றார். ஆறு வாரம் அவனுக்கு ஒரு குதிரையும் இல்லை. காலையில் காசிமேட்டில் அம்மாவுக்கு ஐஸ் பெட்டி தூக்கினான். செல்லம்மா எதிர்வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஆலிஸ் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தாள். ஒரு நாள் எக்ஸ்ரே படத்தை திலீப் அம்மாவிடம் காட்டி விரலால் கோடு இழுத்துச் சொல்வது தெரிந்தது. செல்லம்மா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். படத்தோடு உள்ளே போனாள்.

பொங்கல் கழித்து வேறொரு ட்ரெய்னர் அவனைக் கூப்பிட்டார். கூண்டு வாசலில் இறங்கத் துணிந்தவன் கையில் என் குதிரையைக் கொடுக்கலாம் என்றாராம். பழுப்பு நிறப் பெண் குதிரை, பெரிய பேர் ஒன்றும் இல்லை.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் செல்லம்மா மீன் கூடையோடு ஆலிஸ் வாசலில் வந்து நின்றாள். கூடையில் நாலு வஞ்சிரத் துண்டு. நிலைப்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

“நாளைக்கு கிண்டிக்கு போறியா?”

“போவேன்.”

“அந்த குதிரயயும் கேப்பியா?”

“மொதல்ல அத்தத்தான் கேப்பேன்.”

செல்லம்மா கூடையை இடுப்பு மாற்றினாள். “எத்தினி மணிக்கு ரயிலு?” என்றாள்.