ஒரு நாளைக் கூட்டு, ஐந்து மணியைக் கழி

அலுவலகத்தில் அவளுக்கு 'நாளை அக்கா' என்று பெயர். யாராவது வாய் தவறி "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டால் போதும், தலையைத் தூக்காமலே கேட்பாள்: "யாரோட நாளைக்கு? நம்மளோடதா, தீவோடதா?" புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் சிரிப்பார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து அவர்களும் அப்படியே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

தூரத்து ஊர்களில் இருக்கும் குளிர்பதனக் கிடங்குகளின் இயந்திரங்களை நேரில் போகாமலே பார்த்துக்கொள்வது அந்தக் கம்பெனியின் தொழில். அங்கே இருப்பவர்கள் இயந்திரத்தை நிறுத்துவார்கள். இங்கே இன்ஜினியர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, இதைத் திருப்பு, அதை மூடு என்று சொல்லுவார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். உட்காரவைப்பது அவள் பொறுப்பு.

மற்ற வாடிக்கையாளர்களால் தொந்தரவில்லை. பசிபிக் கடலில் இருக்கும் அந்த ஒரு தீவின் மீன் கிடங்குதான் அவள் உயிரை வாங்கியது. உலகத்தில் தேதி கடைசியாகப் புரளும் இடங்களில் அதுவும் ஒன்று. இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி முந்தி ஓடும் இந்த ஊரில் செவ்வாய்க்கிழமை காலை டீ ஆறிக்கொண்டிருக்கும்போது அங்கே திங்கட்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு தீவு, குட்டி விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் இறங்கிவிடலாம் என்கிற தூரம். இரண்டிலும் கடிகாரம் ஒரே மணியைத்தான் காட்டும், ஆனால் இதில் திங்கள் என்றால் அதில் செவ்வாய். நேரத்தை மாற்றித் தரும் வசதி கணினியிலேயே உண்டு. ஒருமுறை யாரோ அதில் பக்கத்துத் தீவைத் தேர்ந்தெடுத்துத் தொலைக்க, இன்ஜினியர்கள் ஒரு முழு நாள் முன்னதாக வந்து காலித் திரையை முறைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றோடு கணினியை நம்புவதை விட்டாள். தனக்கென்று ஒரு வாய்பாடு வைத்துக்கொண்டாள். தீவு நேரத்தோடு ஒரு நாளைக் கூட்டு, ஐந்து மணியைக் கழி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

தூக்கம் என்று ஒன்று இருந்தால். தீவுக்காரர்கள் காலையில் வேலை தொடங்கினால் இங்கே இவளுக்கு விடியற்காலை. அவர்கள் சாயங்காலம் கடையைக் கட்டும்போது இங்கே மதியம். எந்நேரமும் பாதி விழிப்பு, பாதிக் கொட்டாவி. பஸ்ஸில் உட்கார்ந்தால் இறங்கவேண்டிய இடம் தாண்டிவிடும் என்று நின்றுகொண்டே போவாள்.

கணவர் பஸ் ஓட்டுநர். இரண்டு கண்ணிலும் புரை. இரண்டையும் சரிசெய்துகொண்டு வந்தால்தான் ஸ்டியரிங்கைத் தொடலாம் என்று டிப்போவில் சொல்லி, அதுவரைக்கும் வண்டிகளின் வரவு போக்கைக் கூவுகிற வேலையில் போட்டிருந்தார்கள். முதல் கண்ணுக்கு ஆபரேஷன் நடந்த அன்று கூட வருகிறேன் என்று சொன்னவள் கடைசி நேரத்தில் போக முடியவில்லை. தீவில் கம்ப்ரசர் படுத்துவிட்டது. உறவினர் கையெழுத்து வேண்டும் என்று நர்ஸ் பிடிவாதம் பிடிக்க, பக்கத்துப் படுக்கைக்காரரின் மருமகன்தான் இரக்கப்பட்டுப் போட்டுக் கொடுத்தான். அந்தக் கதையை அவர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். "எனக்கு மகள் இல்லாத குறை அன்னைக்குத் தீர்ந்துச்சுங்க. மருமகன் நேரா கிடைச்சுட்டான்" என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

இரண்டாவது கண்ணுக்குச் செவ்வாய்க்கிழமை காலை என்று தேதி கிடைத்தது. இந்தமுறை என்ன ஆனாலும் வாசலில் நான் இருப்பேன் என்று சொன்னாள். "உன் தீவுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றார் அவர்.

கேட்கத்தான் செய்தாள். கம்ப்ரசருக்கு எண்ணெய் மாற்றும் வேலை பாக்கி இருந்தது. தீவுக் கிடங்கின் அலுவலகத்தில் ஒரு பெண்மணி, அவளும் இவளைப் போல ஆள்களை உட்காரவைக்கிற வேலைக்காரிதான். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம். அவளை அழைத்து, வரும் வாரம் எப்போது வசதி என்று விசாரித்தாள். பேச்சோடு பேச்சாக, உங்கள் நேரத்தைக் கூட்டிக் கழித்தே எனக்கு வயதாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பெருமூச்சு விட்டாள். அந்தப் பெண்மணி சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பாவம் நீங்கள் என்றாள்.

மறுநாள் தீவிலிருந்து மெயில் வந்தது. செவ்வாய், காலை ஒன்பது. அவ்வளவுதான். ஒரு நாளைக் கூட்டினாள், ஐந்து மணியைக் கழித்தாள். புதன் விடியற்காலை நான்கு. செவ்வாய் முழுக்கத் தனக்கே என்று தெரிந்ததும் திரையைக் கும்பிடாத குறை. இன்ஜினியருக்குப் புதன் என்று எழுதிவிட்டு, லீவு போட்டாள்.

செவ்வாய்க்கிழமை கண் ஆஸ்பத்திரியின் மாடி வராந்தா. கணவர் பச்சை அங்கியில், புருவத்துக்கு மேலே பேனாவால் போட்ட குறியோடு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் வந்து வந்து சொட்டு மருந்து விட்டுப் போனாள்.

"எல்லாம் மங்கலா தெரியுது" என்றார். "நீ கூட அழகா இருக்க."

"வாயை மூடிக்கிட்டு உக்காருங்க" என்று சொல்லும்போதே ஃபோன் அடித்தது. இன்ஜினியர். எதற்கும் பதறாத ஆள் என்பதால் அலுவலகத்தில் அவனுக்கு 'ஐஸ்கட்டி' என்று பெயர். இன்றைக்கு உருகியிருந்தான்.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரில. அவருக்குக் கண்ணு ஆபரேஷன், சொன்னேன்ல."

"தீவுல மெஷினை நிறுத்தி, எண்ணெயை வடிச்சுட்டு, நமக்காக உக்காந்திருக்காங்களாம். மேனேஜர் என்னை வறுத்து எடுக்குறாரு."

"அது நாளைக்கு விடியக்காலைல தம்பி!"

"யாரோட நாளைக்கு அக்கா?" அவன் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டான்.

மெயிலைத் திறந்தாள். அதற்குக் கீழே, சற்று முன் வந்த இன்னொன்று. உங்களைக் காணோமே, ஒன்பது என்று உங்கள் நேரத்தைத்தானே எழுதினேன், நீங்கள் ஒவ்வொரு முறையும் சிரமப்பட வேண்டாமே என்று நானே மாற்றி அனுப்பினேன் என்று தீவுப் பெண்மணி எழுதியிருந்தாள்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண்மணி ஏற்கெனவே மாற்றிய நேரத்தை இவள் இன்னொரு முறை மாற்றியிருக்கிறாள். ஏமாற்றியிருந்தால் சண்டை போடலாம். அலட்சியம் என்றால் மேலிடத்துக்கு எழுதலாம். இரக்கப்பட்டவளை என்ன செய்வது?

"மெஷினைத் திரும்ப ஓட்டச் சொல்ல முடியாதா?"

"எண்ணெய் இல்லாம ஓட்டினா மெஷின் போயிடும். ஓட்டலைன்னா மீன் போயிடும். லைனைத் திறக்கணும் அக்கா. அதுக்கான கோடு நம்பர் உங்க ஃபோனுக்குத்தான் வரும். நீங்க ஆபீஸ் வந்துடுங்களேன், வேலை முடியிற வரைக்கும் நீங்க உக்காரணும்ல, அதானே ரூல்."

தீவோடு இணைக்கும் லைனைத் திறக்கிற ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது, திறந்தவர் கடைசிவரை உட்கார வேண்டும். வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிய விதி. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவள் மீறியதில்லை.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "அடுத்தது இவர்தான். கூட யாரு? வந்து கையெழுத்துப் போடுங்க."

கணவர் முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பினார். "போயிட்டு வா. மருமகன் இன்னைக்கும் எங்கயாவது இருப்பான்" என்றார். கோபமே இல்லை. பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற மாதிரிச் சொன்னார். கோபப்பட்டிருந்தால் ஒருவேளை போயிருப்பாள்.

"தம்பி, கோடு நம்பரை அனுப்பு. வந்ததும் படிக்கிறேன், நீயே திற."

"அக்கா... மேனேஜருக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும். படிக்கிறேன், எழுதிக்கோ."

படித்தாள். சத்தமாக, வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி, இரண்டு தடவை படித்தாள். அந்தப் பக்கம் லைன் திறந்தது. தீவுக்காரர்களின் குரல் ஃபோன் வழியாக மெல்லக் கேட்டது. அழைப்பைத் துண்டித்து, ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு, நர்ஸ் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். உறவு என்ற இடத்தில் மனைவி என்று எழுதினாள்.

நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி நடந்தவர் நின்றார். "இவ்வளவுதானா? ஃபோன்ல படிச்சா முடிஞ்சுதா?"

"ம்."

"அன்னைக்கும் படிச்சிருக்கலாம்ல?"

கதவு மூடிக்கொண்டது. எதிர் பெஞ்சில் ஒரு ஆள் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அவளுக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது. ஆனாலும் அன்றைக்கு அந்த பெஞ்சில் அவள் கண் மூடவில்லை.

கணவர் வெளியே வருவதற்குள் தீவு வேலை முடிந்துவிட்டது. மீனும் பிழைத்தது, மெஷினும் பிழைத்தது என்று ஐஸ்கட்டி செய்தி அனுப்பினான். அடுத்த செய்தி மேனேஜருடையது. நாளை காலை ஒன்பதுக்கு என் அறைக்கு வரவும். மரியாதையாக ஒரு வார்த்தைகூட இல்லை.

நர்ஸ் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்காரவைத்தாள். கண்ணில் வெள்ளைக் கட்டு. "நாளைக்குக் காலைல ஒம்பதுக்குக் கட்டுப் பிரிக்கணும். மறக்காம வந்துடுங்க" என்றாள்.

அவள் வாயைத் திறந்தாள்.

"கேட்டுடுவா பாருங்க சிஸ்டர்" என்றார் கணவர்.

"என்ன கேப்பாங்க?"

"ஒண்ணுமில்ல. வந்துடுவோம்" என்றாள் அவள். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. "சிரிக்கக் கூடாது சார், கண்ணு!" என்று நர்ஸ் அதட்டினாள்.

கீழே வண்டிக்குக் காத்திருக்கும்போது இரண்டு செய்திகள் தட்டினாள். ஒன்று தீவுப் பெண்மணிக்கு. நன்றி, இனிமேல் உங்கள் நேரத்தையே எழுதுங்கள், கழிப்பதை நானே கழித்துக்கொள்கிறேன். இன்னொன்று மேனேஜருக்கு: நாளை காலை வர முடியாது, கணவருக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள், மதியம் வருகிறேன்.

அனுப்பிய பிறகு சந்தேகம் வந்தது. மறுபடி எடுத்து, கீழே ஒரு வரி சேர்த்தாள்: நம் மதியம்.